உறைந்த ஏரிக்கரையைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் உறைந்த ஏரியைப் படமெடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. பாதி கேள்விகள் கேமராவைப் பற்றியவை, மீதி பனிக்கட்டியைப் பற்றியவை. பனிக்கட்டிப் பாதியை முதலில் படிப்பது நல்லது. பனிக்கட்டியைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சுமாரான கேமரா போதும்.

எப்போது போனால் நல்ல படம் கிடைக்கும்?

ஏரி உறைந்த பிறகு, அதன் மேல் முதல் பனி பொழிவதற்கு முன்னால். சில வருடம் இந்த இடைவெளி ஒரு வாரம் நீடிக்கும், சில வருடம் ஒரே இரவில் முடிந்துவிடும். பனி மூடிவிட்டால் ஏரி என்பது வெறும் வெள்ளைத் திடல்தான். வயலுக்கும் அதற்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

இந்த நாளை ஓரளவு கணிக்க முடியும். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். மேல்நீர் குளிர்ந்து அந்த அளவுக்கு வந்ததும் கீழே இறங்கும், அடியிலிருக்கும் நீர் மேலே வரும். மொத்த ஏரியும் இப்படிப் புரண்டு 4 டிகிரியைத் தொட்ட பிறகுதான் மேற்பரப்பு தனியாகக் குளிர்ந்து உறையும். அதனால் ஆழமில்லாத குட்டையும் ஒதுங்கிய வளைகுடாவும் முந்திக்கொள்ளும், ஆழமான ஏரி கடைசியில் உறையும். 1642 மீட்டர் ஆழமுள்ள சைபீரியாவின் பைகால் ஏரி, அந்த ஊர்க் குளிருக்கே ஜனவரி வரை உறையாமல் இழுத்தடிக்கும். காற்றில்லாத, மேகமில்லாத, கடுங்குளிரான இரவு ஒன்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மறுநாள் விடியலில் கரையில் இருங்கள். காற்று அடித்துக்கொண்டே உறைந்த பனிக்கட்டி கலங்கலாக இருக்கும். அமைதியாக உறைந்ததுதான் கண்ணாடி மாதிரி வரும்.

பனிப்பொழிவு குறைவாகவும் காற்று பலமாகவும் இருக்கும் இடங்களில் இந்தத் தெளிவு குளிர்காலம் முழுக்க நிற்கும். பைகாலும் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள ஏப்ரகாம் ஏரியும் படக்காரர்களிடம் இவ்வளவு பேர் வாங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான். காற்று அங்கே பனியைக் கூட்டித் தள்ளிவிடுகிறது.

பகலில் எந்த நேரம்?

வெயில்காலத்தைப் போல நடுப்பகலுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 50 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் கடைசி வாரத்தில் உச்சிவேளைச் சூரியனே அடிவானத்துக்கு மேல் 17 டிகிரிதான் ஏறும். நாள் முழுவதும் வெளிச்சம் படுக்கைவாட்டில் வந்து பனியின் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் போடும். விரிசலையும் குமிழியையும் கிட்டத்தில் எடுப்பதாக இருந்தால் மேகமூட்டமான நாளே வசதி.

பனிக்கட்டியின் மேல் இறங்கலாமா?

தெரியாத ஏரி என்றால் வேண்டாம். நல்ல படங்களில் முக்கால்வாசி கரையில் நின்றே கிடைக்கின்றன. படத்துக்கு வேண்டிய வேலியும் வேரும் பாறையும் நாணலும் அங்கேதான் இருக்கின்றன. நடு ஏரிக்குப் போனால் காலடியில் ஒரு விரிசல், தொலைவில் ஒரு மலை, அவ்வளவுதான்.

இறங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்பது குளிர்நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது தெளிந்த, கறுப்பாகத் தெரியும் புதுப் பனிக்கட்டிக்கு மட்டும். பனி நனைந்து உறைந்து உண்டான வெள்ளைக் கட்டிக்கு வலு பாதிதான், எனவே இரண்டு மடங்கு தடிமன் பாருங்கள். துளை போட்டு அளந்தால்தான் தடிமன் தெரியும். கண்ணால் பார்த்து, காலால் தட்டி எல்லாம் தெரியாது. ஓரிடத்தில் அளந்தது பத்தடி தள்ளி செல்லாது. ஓடை வந்து விழும் வாய், ஊற்று, பாலத்தின் அடி, நாணல் புதர், நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம், இவற்றைச் சுற்றிக் கட்டி மெலிந்திருக்கும். படக்காரரை இழுப்பதும் சரியாக இதே இடங்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அணை கட்டிய நீர்த்தேக்கங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிடும்போது மட்டம் இறங்கும். மேலே உறைந்த பாளம் கரையோரத்தில் அந்தரத்தில் தொங்கும். மேலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. ஏப்ரகாம் ஏரியும் 1972இல் கட்டி முடித்த அணையால் உண்டானதுதான்.

வசந்தம் நெருங்கும்போது தடிமன் கணக்கை மறந்துவிடுங்கள். வெயில் பட்டுப்பட்டுப் பாளம் நெடுக்குவாட்டில் ஊசி ஊசியாகப் பிரிந்துவிடும். அரை மீட்டர் தடிமன் இருந்தாலும் காலை வைத்தால் உதிரும்.

விழுந்துவிட்டால்?

முதல் 1 நிமிடம் மூச்சு இரைக்கும், அதை அடக்குவது ஒன்றுதான் வேலை. அடுத்து ஏறத்தாழ 10 நிமிடம் கையும் காலும் சொன்ன பேச்சு கேட்கும். நினைவு தப்ப 1 மணி நேரம் போல ஆகும். ஆகவே பதறாமல் வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய கட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைகளை மேலே போட்டு, நீந்துவதுபோலக் கால்களை உதைத்து, உடம்பைக் கிடைமட்டமாக்கி வயிற்றால் ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். கழுத்தில் தொங்கவிடும் ஜோடிக் கூர்முனைப் பிடிகள் மீன்பிடி சாமான் கடைகளில் கிடைக்கும். வழுக்கும் பனியில் குத்திப் பிடித்து ஏற அவைதான் உதவும். பையின் இடுப்புப் பட்டையைப் போடாமல் நடப்பதும் நல்லது. கேமராவைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

ஏரி உறுமுகிறதே, உடையப் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. வெப்பநிலை மாறும்போது பாளம் விரியும், சுருங்கும், விரிசல் விடும். அந்த அதிர்வு நெடுந்தொலைவு ஓடி வருகையில் கீச்சென்ற ஒலி முந்தியும் கனத்த ஒலி பிந்தியும் காதுக்கு வருவதால் துப்பாக்கி சுட்டது போலவும் திமிங்கலம் கத்துவது போலவும் கேட்கும். சூரியன் விழுந்ததும் இந்தக் கச்சேரி கூடும். உங்கள் காலடியிலேயே நொறநொறவென்று மெல்லிய சத்தம் வந்தால் அது வேறு சமாச்சாரம்: வந்த வழியே, கால்களை அகட்டி, இழுத்து நடந்து திரும்புங்கள்.

கரையில் அப்படி என்னதான் இருக்கிறது படமெடுக்க?

நிறைய. குனிந்து பார்க்க வேண்டும்.

உறைநிலையில் அலையடிக்கும் கரையில் ஒரு நாணல் தண்டைப் பாருங்கள். அலை ஏறி இறங்கும் உயரத்தில் மட்டும் அதன் இடுப்பில் பனிக்கட்டி ஒரு மணியாகத் திரண்டிருக்கும். மணியின் அடி தட்டையாகவும் மேல்பக்கம் உருண்டையாகவும் இருக்கும். உள்ளே தண்டின் பச்சையோ பழுப்போ பெரிதாகித் தெரியும். அடுத்த தண்டிலும் அதே உயரத்தில் அதே மணி. இப்படி ஐம்பது தண்டுகள் வரிசையாக நின்றால், அன்று அலை எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு ஏரியே கோடு போட்டு வைத்ததாக அர்த்தம். பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தில், 100 மில்லிமீட்டர் அளவுள்ள லென்ஸில், தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள்.

பெரிய ஏரிகளில் அலை தெறித்துக் கரைப்பாறை, மரம், படகுத்துறை எல்லாவற்றையும் கட்டியாக மூடிவிடும். வட அமெரிக்காவின் சுப்பீரியர், மிச்சிகன் ஏரிக்கரைகளில் கலங்கரை விளக்கமே உருத்தெரியாமல் போவதுண்டு. அங்கேயே பான்கேக் ஐஸ் என்கிற வட்டப் பாளங்களும் வரும்: அரைகுறையாக உறைந்த கூழை அலை உருட்டி, ஒன்றோடொன்று மோதவைத்து, விளிம்புகளை மேடாக்கிவிடும்.

குமிழிகள் ஏப்ரகாம் ஏரியின் அடையாளம் ஆகிவிட்டாலும் அங்கே மட்டும் இருப்பவை அல்ல. அடிச்சேற்றில் செடிகொடி மக்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை விடுகின்றன. மேலே வரும் குமிழி பாளத்தின் அடியில் சிக்கி, வட்டமாகப் பரவி, உறைந்து நிற்கும். பாளம் கீழ்நோக்கித் தடிக்கத் தடிக்க அடுத்த குமிழி அதன் அடியில். நேர் மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் காசு ஒன்று. தலையைச் சாய்த்தால் காசுகள் அடுக்கடுக்காக இருளுக்குள் இறங்குவது தெரியும். அந்தச் சாய்வில்தான் படம் இருக்கிறது. மேலே கிடக்கும் பொடிப்பனியை மெல்லிய தூரிகையால் தள்ளுங்கள், கையுறையால் தேய்த்தால் கோடு விழும். வாயு தொடர்ந்து கிளம்பும் இடத்தில் கட்டி மெலிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுப் பாளத்தின் மேல் இறகு இறகாக வெள்ளைப் பூக்கள் முளைத்திருந்தால் அவற்றைக் கரையிலிருந்தே டெலி லென்ஸில் எடுங்கள். காற்று மிகக் குளிர்ந்தும் கட்டி மிக மெல்லியதாகவும் இருக்கும்போதுதான் அந்தப் பூக்கள் வரும்.

பைகால் படங்களில் கல் ஒன்று பனித்தண்டின் மேல் நிற்கிறதே, யாராவது வைத்ததா?

இல்லை. கல்லின் நிழல் விழும் இடத்தில் பனிக்கட்டி ஆவியாவது குறைவு, சுற்றிலும் அதிகம். சுற்றுப்புறம் தேய்ந்து இறங்க, கல் மட்டும் மெல்லிய தண்டின் மேல் மிஞ்சுகிறது. உருகாமல் நேராக ஆவியாகும் கடுங்குளிர் வேண்டும் என்பதால் எல்லா ஏரியிலும் காண முடியாது. பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டி 2021இல் வெளியிட்டார்கள். இப்போது கையால் கல்லை வைத்துப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். தண்டைப் பார்த்தால் சொல்லிவிடலாம்: தானாக உண்டானதற்கு அடியில் குழி இருக்கும்.

என் படத்தில் பனி ஏன் அழுக்குச் சாம்பலாக வருகிறது?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனி நிறைந்த காட்சியில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தை, 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). பனி இல்லாத கறுப்புப் பனிக்கட்டிக்கு இதே கதை தலைகீழ்: கேமரா அதை வெளுக்க வைக்கும், அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள். இரண்டும் ஒரே சட்டகத்தில் இருந்தால் பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமரா திருத்தாமல் பதியும் ரா கோப்பில் இருட்டைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப்போன பனியை மீட்க முடியாது. வெயிலில் கண் கூசும்போது பின்திரை எல்லாவற்றையும் இருட்டாகக் காட்டும், அதை நம்பிக் கூட்டாதீர்கள். படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: அதிலுள்ள மலை வலதுபக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சுவரில் இடிக்கக் கூடாது.

நிழலெல்லாம் நீலமாக விழுகிறது. சரிசெய்ய வேண்டுமா?

என் பதில்: பாதி மட்டும். நிழலுக்கு வெளிச்சம் தருவது நீலவானம், அதனால் நிழல் நீலமாக இருப்பதுதான் நிஜம். கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைக் கழுவிவிட்டால் குளிரும் சேர்ந்து போய்விடும். வெயில் பட்ட பனி வெள்ளையாக இருக்கும் வரை, ஒயிட் பேலன்ஸை ஏறக்குறைய 5500 கெல்வினில் வைத்து, நிழலை அதன் போக்கில் விடுங்கள். மேகமூட்டத்தில் மொத்தப் படமும் நீலித்துப்போனால் 6500 பக்கம் ஏற்றலாம். தடித்த பாளத்தின் நீலம் வேறு வகை. பனிக்கட்டி சிவப்பை மெல்ல உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. அதில் கை வைக்கவே வேண்டாம். அதை இன்னும் ஏற்றி நீச்சல்குளம் மாதிரி ஆக்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல்.

போலரைசர் ஃபில்டர் தேவையா?

ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். பனிக்கட்டிப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது போலரைசர் பளபளப்பை அநேகமாக முழுவதும் துடைத்துவிடும். விரிசலின் சுவர் உள்ளே இறங்குவதும் குமிழி அடுக்குகளும் அடித்தரைக் கல்லும் தெரியவரும். நேர் கீழே பார்த்தாலோ மிகத் தாழ்வாகப் பார்த்தாலோ இந்த வேலை நடக்காது. அஸ்தமன நிறம் பாளத்தில் தகதகக்கும்போது கழற்றி வையுங்கள், நீங்கள் எடுக்க வந்த நிறத்தையே அது அழித்துவிடும். அகல லென்ஸில் நீலவானத்தை ஒரு பக்கம் மட்டும் கருக்கச் செய்யும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலடி விரிசலும் தொலைதூர மலையும் ஒருசேரக் கூர்மையாக வர என்ன வழி?

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 16 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/11, ஃபோகஸ் 80 சென்டிமீட்டரில். அப்போது 40 சென்டிமீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை போதுமான கூர்மை இருக்கும். அதைவிடக் கிட்டே போக வேண்டுமானால் ஃபோகஸை நகர்த்தி இரண்டு மூன்று படம் எடுத்துக் கணினியில் சேருங்கள். துளையை இன்னும் சுருக்கி எஃப்/22க்குப் போனால் மொத்தப் படமும் மழுங்கும். வெறும் பனியில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். விரிசலின் விளிம்பைக் காட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

ஷட்டர் வேகம்?

விழும் பனியைத் துகள் துகளாக நிறுத்த 1/250 நொடி, கோடாக்க 1/30. மிதக்கும் பான்கேக் பாளங்களுக்கு எனக்குப் பிடித்தது அரை நொடி முதல் 2 நொடி வரை, சுழல்வது தெரியும். பகலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் வேண்டும்.

ட்ரைபாட் வழுக்குகிறது.

ரப்பர் காலைக் கழற்றி ஆணிமுனை போடுங்கள். ஆழப் பனியில் கால்களை முக்கால்வாசி விரித்து அழுத்தி இறக்கிய பிறகு முழுதாக விரிக்கவும், இல்லாவிட்டால் பனி கால்களை அகட்டி மூட்டை உடைக்கும். தண்ணீரில் நின்ற காலை அப்படியே மடக்கினால் உள்ளேயே உறைந்து மாட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டு மடக்குங்கள்.

பேட்டரி அரை மணியில் தீர்ந்துவிடுகிறதே?

தீரவில்லை, விறைத்திருக்கிறது. குளிரில் லித்தியம் அயான் பேட்டரியின் உள்ளே வேதிவினை மந்தமாகி, மின்னழுத்தம் சரிய, கேமரா காலி என்று நினைத்துக்கொள்ளும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில், இன்னொன்றை வைத்திருந்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சூடேறியதும் செத்தது எழுந்து வரும். வீட்டுக்கு வந்த கையோடு சார்ஜரில் மாட்ட வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

செல்பேசிக்கும் இதே கதி. ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். எடுப்பதற்கு மட்டும் வெளியே எடுத்து உடனே உள்ளே போட்டால் செல்பேசியிலும் நல்ல படங்கள் வரும். வெளிச்ச அளவைத் திரையில் தொட்டு மேலே இழுத்தால் பனி வெளுக்கும்.

உள்ளே வந்ததும் கேமரா முழுக்கத் தண்ணீர் கோத்துவிடுகிறது.

வெளியே இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. அறையின் சூட்டுக்கு வர ஓரிரு மணி நேரம் ஆகும், அதுவரை திறக்காதீர்கள். அன்றைய படங்களைப் பார்க்கக் கை அரிக்கும் என்றால் மூடுவதற்கு முன்பே மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே காருக்குள் உட்கார்ந்து சூடாவதாக இருந்தால் கேமராவைப் பின்பெட்டியிலேயே விடுங்கள்.

லென்ஸில் பனி விழுந்தால்?

வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் அப்போதே உறையும். ரப்பர் ஊதி அல்லது உலர்ந்த தூரிகை. அலை தெறித்து உறைந்த துளியைச் சுரண்டவே கூடாது. முன்னால் ஒரு சாதாக் கண்ணாடி ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டலாம். வியூஃபைண்டரில் பார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழகுங்கள்.

கை விறைக்காமல் எப்படி வேலை செய்வது?

மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் விரல்கள் சேர்ந்திருக்கும் கனத்த உறை ஒன்று. பொத்தானை அழுத்த மேலுறையை மட்டும் கழற்றுங்கள். வெறுங்கையால் உலோக ட்ரைபாடைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கன்னத்திலோ விரல்நுனியிலோ தோல் வெளுத்து உணர்ச்சி போனால் அன்றைக்குப் படம் போதும், உள்ளே போங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். புதுப்பனி, புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும்.

ட்ரோன்?

விரிசல் வரைபடத்துக்கு மேலிருந்து பார்ப்பதுபோல வராது. ஆனால் பேட்டரி சட்டென்று சரியும், உறைபனி மூட்டத்தில் இறக்கையில் கட்டி படியும். சூடான பேட்டரியோடு கிளப்பி, பாதி மிச்சம் இருக்கும்போதே திருப்புங்கள். மெல்லிய பாளத்தின் மேல் விழுந்துவிட்டால் எடுக்கப் போகாதீர்கள்.